பதங்கமாதல் அச்சு அணிச் சீருடைகள்

பதங்கமாதல் அச்சுச் சீருடை என்பது, வெள்ளைப் பாலியஸ்டர் துணிக்குள் சாயத்தை வெப்பத்தால் ஆவியாக்கி ஏற்றி, ஒரு விளையாட்டு அணிக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் உடையாகும். கடைகளில் இதைச் 'சப்ளிமேஷன் ஜெர்சி' என்று அழைக்கின்றனர். ஊர்க் கபடிக் குழு, பள்ளி வாலிபால் அணி, கல்லூரிக் கால்பந்து அணி, வார இறுதியில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் நண்பர்கள் எனத் தமிழ்நாட்டில் பல அணிகள் இன்று இவ்வகை உடைகளையே அணிகின்றன. அணியின் பெயர், சின்னம், வீரரின் பெயர், எண், ஆதரவு அளித்தவரின் விளம்பரம் ஆகிய அனைத்தும் ஒரே அச்சில் துணியோடு துணியாகக் கலந்துவிடுவது இதன் சிறப்பாகும்.

இதே சிறப்புதான் இம்முறையின் கண்டிப்புக்கும் காரணம். சாயம் இழைக்குள் சென்று தங்கிவிடுவதால் அச்சான பிறகு ஓர் எழுத்தைக்கூட அழிக்கவோ திருத்தவோ முடியாது. பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தால், அந்த உடையின் முதுகுப் பகுதியை மீண்டும் அச்சிட்டுத் தைக்க வேண்டும். ஆகவே இவ்வகைச் சீருடைக்கு ஆர்டர் கொடுப்பதில் முக்கியமான வேலைகள் அனைத்தும் அச்சுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

பெயரும் அறிவியலும்

திண்மப் பொருள் ஒன்று நீர்மமாக உருகாமல் நேரடியாக வாயுவாக மாறுவது பதங்கமாதல் எனப்படும். திறந்து வைத்த கற்பூரம் ஈரம் எதுவும் இல்லாமலே நாளடைவில் கரைந்து மறைவதும், பீரோவில் போட்ட அந்துருண்டை சிறுத்துப் போவதும் இதற்குப் பள்ளிப் பாடநூல்களில் கூறப்படும் எடுத்துக்காட்டுகளாகும்.

துணி அச்சில் பயன்படும் சாயங்களுக்குச் சிதறல் சாயங்கள் என்று பெயர். இவை நீரில் எளிதில் கரையாதவை. நுண்ணிய துகள்களாக நீரில் பரவி நிற்பவை. ஏறத்தாழ 180 முதல் 210 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இவை வாயுவாகின்றன. அதே வெப்பத்தில் பாலியஸ்டர் இழையின் மூலக்கூறு தொடர்கள் தளர்ந்து இடைவெளி தருகின்றன. சாய வாயு அந்த இடைவெளிகளில் புகுகிறது. துணி ஆறியதும் தொடர்கள் மீண்டும் இறுகி, சாயம் உள்ளே சிறைப்படுகிறது. பாலியஸ்டர் உருகும் வெப்பநிலை 250 டிகிரிக்கு மேல் இருப்பதால் இந்தச் சூட்டில் துணி உருகுவதில்லை.

பருத்தி இழையில் இவ்வாறு நிகழ்வதில்லை. சிதறல் சாயத்தைப் பிடித்து வைக்கும் தன்மை பருத்திக்கு இல்லை. பருத்தியில் இம்முறையில் அச்சிட்டால் முதல் சில சலவைகளிலேயே நிறம் மங்கிவிடும். பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் பாலியஸ்டர் பங்கு மட்டுமே நிறத்தை ஏற்பதால் அச்சு வெளிறித் தெரியும்.

வரலாறு

சிதறல் சாயங்கள் 1920களில் அசிட்டேட் என்னும் செயற்கை இழைக்காக உருவாக்கப்பட்டன. பாலியஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் ஆகியோர் கண்டறிந்தனர். தாளில் அச்சிட்ட சாயத்தை வெப்பத்தால் துணிக்கு மாற்றும் முறை 1957இல் பிரான்சில் நோயல் தெ பிளாஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. தொடக்கத்தில் இத்தாள்கள் செதுக்கிய உருளைகளைக் கொண்டு அச்சிடப்பட்டன. ஒரு வடிவத்துக்கு ஒரு தொகுதி உருளைகள் தேவைப்பட்டதால், ஆயிரக்கணக்கான மீட்டர் துணி அச்சிடுபவர்களுக்கே இது கட்டுப்படியானது. கணினியிலிருந்து நேராகத் தாளில் மையைத் தெளிக்கும் அகன்ற அச்சுப்பொறிகள் பரவிய பிறகே, பதினைந்து பேர் கொண்ட ஓர் அணிக்குப் பதினைந்து வெவ்வேறு முதுகுப் பகுதிகளை அச்சிடுவது எளிதாயிற்று.

சீருடையில் எண்ணும் பெயரும் இடம்பெறும் வழக்கம் இதைவிடப் பழையது. 1928 ஆகஸ்ட் 25 அன்று இங்கிலாந்தின் லீக் கால்பந்துப் போட்டிகளில் ஆர்சனல், செல்சி அணிகள் எண்ணிட்ட சட்டைகளுடன் ஆடின. கிரிக்கெட் உலகக் கோப்பையில் வண்ண உடைகளும் முதுகில் வீரர் பெயரும் 1992ஆம் ஆண்டுத் தொடரில்தான் அறிமுகமாயின. டெஸ்ட் போட்டியின் வெள்ளைச் சட்டையில் பெயரும் எண்ணும் 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஆஷஸ் தொடரில் இடம்பெற்றன.

பிற முறைகளிலிருந்து வேறுபாடு

அணிச் சீருடையில் எழுத்தும் சின்னமும் பதிக்க வேறு முறைகளும் உண்டு.

திரை அச்சு என்னும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை செய்ய வேண்டும். நான்கு நிறச் சின்னத்துக்கு நான்கு திரைகள் தேவை. அச்சிடுவது 15 சட்டையானாலும் 1,500 சட்டையானாலும் திரைச் செலவு ஒன்றே. ஆகவே ஒரே படத்தைப் பெரிய எண்ணிக்கையில் அச்சிடவே இது ஏற்றது. மை துணியின் மேல் படலமாக நிற்கும். பருத்தியிலும் அடர்நிறத் துணியிலும் அச்சிடலாம்.

வினைல் ஒட்டு முறையில் எழுத்தையும் எண்ணையும் மெல்லிய தாளில் வெட்டிச் சூடாக்கி ஒட்டுவர். ஒன்றிரண்டு சட்டைகளுக்கு உகந்தது. நாளடைவில் ஓரம் உரிவதும், ஒட்டிய இடத்தில் காற்றுப் புகாமல் வியர்ப்பதும் இதன் குறைகள்.

பூத்தையல் என்னும் எம்பிராய்டரி காலர் சட்டையின் மார்புச் சின்னத்துக்கு அழகானது. மெல்லிய விளையாட்டுத் துணியில் பெரிய பரப்பில் செய்தால் துணி கனத்துச் சுருங்கும்.

பதங்கமாதல் அச்சில் நிறங்களின் எண்ணிக்கை செலவைக் கூட்டுவதில்லை. கையில் தடவிப் பார்த்தால் அச்சு தட்டுப்படாது. உரியாது, வெடிக்காது, காற்றோட்டத்தையும் தடுக்காது. ஆனால் இதற்கு மூன்று வரம்புகள் உண்டு. துணி பாலியஸ்டராக இருக்க வேண்டும். துணியின் அடிநிறம் வெள்ளையாகவோ மிக வெளிர் நிறமாகவோ இருக்க வேண்டும். வெள்ளை மை என்று ஒன்று இம்முறையில் இல்லை. கருநீல ஜெர்சியில் தெரியும் வெள்ளை எண் உண்மையில் அச்சிடாமல் விடப்பட்ட துணியே. பளபளக்கும் தங்க நிறமும் வெள்ளி நிறமும் இதில் வருவதில்லை. தங்கம் பழுப்பு மஞ்சளாகவும் வெள்ளி சாம்பலாகவும் தெரியும்.

செய்முறை

வடிவமைப்பாளர் முதலில் முன்பக்கம், பின்பக்கம், இரு கைகள், காலர் ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாகக் கணினியில் வரைகிறார். ஒவ்வோர் அளவுக்கும் இத்துண்டுகள் தனியே அமைக்கப்படுகின்றன. பின்னர் அவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றித் தாளில் அச்சிடப்படுகின்றன. அப்போது நிறங்கள் மங்கலாகவே தெரியும். சூடு பட்ட பிறகே உண்மையான பொலிவு வெளிப்படும்.

அச்சிட்ட தாளை வெள்ளைத் துணியின் மேல் வைத்து, சூட்டு அழுத்தப் பொறியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்துவர். பெரிய கூடங்களில் துணியும் தாளும் சூடான உருளையைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். பின்னர் துண்டுகள் தையலுக்குச் செல்கின்றன. ஓரங்கள் ஓவர்லாக் பொறியிலும் மடிப்புகள் பிளாட்லாக் பொறியிலும் தைக்கப்படுகின்றன.

சில இடங்களில் தைத்து முடித்த வெள்ளைச் சட்டையின் மேலேயே அச்சிடுகின்றனர். இதில் செலவு குறையும். ஆனால் அக்குளிலும் தையல் மடிப்புகளிலும் வாயு சென்று சேராததால் வெள்ளைக் கோடுகள் நின்றுவிடும். உடல் முழுவதும் வண்ணம் வேண்டுமானால், துண்டுகளாக அச்சிட்டுப் பிறகு தைக்கும் முறையா என்று ஆர்டருக்கு முன்பே கேட்டறிய வேண்டும்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பாலியஸ்டர் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சும். இயல்பான சூழலில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 விழுக்காடு ஈரத்தைக் கொண்டிருக்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடே கொண்டிருக்கும். வியர்வை இழைக்குள் ஊறாமல் துணியின் பரப்பில் பரவி உலர்வதால் ஆட்டத்தின்போது உடை கனப்பதில்லை. ஆனால் நெருக்கமாகப் பின்னிய மலிவான துணியில் காற்றுப் புகாது. வெயிலில் உடலோடு ஒட்டிக்கொள்ளும். எனவே நுண்துளைகள் கொண்ட பின்னல் துணியே விளையாட்டுக்கு ஏற்றது. சந்தையில் இவற்றை டாட் நிட், ரைஸ் நிட், மேட்டி போன்ற பெயர்களில் விற்கின்றனர். ஒரே பெயரில் வெவ்வேறு தரங்கள் இருப்பதால் பெயரை மட்டும் நம்பாமல் துணித் துண்டைக் கையில் வாங்கிப் பார்ப்பது நல்லது.

துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவால் குறிப்பர். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே இது. ஓட்டத்துக்கும் கோடைக்கால ஆட்டத்துக்கும் மெல்லிய துணி போதும். எதிராளி பிடித்து இழுக்கும் கபடிக்குக் கனமான துணியும் தோளிலும் அக்குளிலும் வலுவான தையலும் தேவை. வெள்ளை அல்லது வெளிர் நிறச் சீருடை என்றால் துணியைக் கையின் மேல் விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கை தெளிவாகத் தெரிந்தால், நனைந்தபின் அது மேலும் ஊடுருவித் தெரியும். மாணவியர் அணிக்கு ஆர்டர் கொடுப்போர் இதைத் தவறாமல் கவனிக்க வேண்டும்.

துணி முழுப் பாலியஸ்டர்தானா என்ற ஐயம் இருந்தால், பெரியவர் ஒருவர் முன்னிலையில் ஒரு நூலை இடுக்கியால் பிடித்து எரித்துப் பார்க்கலாம். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான சிறு மணியாகும். பருத்தி தாள்போல எரிந்து மென்மையான சாம்பலாகும்.

போட்டி விதிகளைப் பார்த்தல்

வடிவமைப்பைத் தொடங்கும் முன் அணி ஆடப்போகும் போட்டியின் உடை விதிகளைப் படிக்க வேண்டும். அழகாக வந்த சீருடையை நடுவர் ஏற்க மறுத்தால் செலவு முழுவதும் வீண்.

* வாலிபாலில் சர்வதேச விதிப்படி எண் மார்பில் குறைந்தது 15 செ.மீ. உயரமும் முதுகில் குறைந்தது 20 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். லிபரோ ஆட்டக்காரரின் ஜெர்சி மற்றவர்களுடையதிலிருந்து தெளிவாக வேறுபட்ட நிறத்தில் இருக்க வேண்டும்.
* கால்பந்தில் கோல்காப்பாளரின் உடை மற்ற ஆட்டக்காரர்கள், நடுவர்கள் ஆகியோரின் உடையிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். இரு அணிகளும் ஒரே நிறத்தில் வந்தால் மாற்று உடை தேவைப்படும்.
* கூடைப்பந்தில் சர்வதேச விதி 0, 00, 1 முதல் 99 வரையிலான எண்களை ஏற்கிறது. உள்ளூர்ப் போட்டிகளில் இதைவிடக் குறுகிய வரம்பு இருக்கக்கூடும்.
* கிரிக்கெட்டில் சிவப்புப் பந்து லீக் ஆட்டங்களுக்கு வெள்ளை உடை வேண்டும். வண்ண ஜெர்சி வெள்ளைப் பந்து ஆட்டங்களுக்கும் டென்னிஸ் பந்து ஆட்டங்களுக்கும் உரியது.

எண்ணின் நிறம் அடிநிறத்திலிருந்து பளிச்சென வேறுபட வேண்டும். சிவப்பின் மேல் ஆரஞ்சு எண் கணினித் திரையில் நன்றாகத் தெரியலாம். மைதானத்தின் மறுகோடியில் ஸ்கோர் எழுதுபவருக்குத் தெரியாது. கோடுகளும் வடிவங்களும் நிறைந்த பின்னணியில் எண்ணைச் சுற்றித் தடித்த விளிம்பு தேவை.

கோப்பும் எழுத்துருவும்

சின்னம் தெளிவாக அச்சாவது அதன் கோப்பைப் பொறுத்தது. கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கப்பட்ட வெக்டர் கோப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும். புகைப்படம் போன்ற படப்புள்ளிக் கோப்பு, அச்சிடப்படும் உண்மை அளவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 புள்ளிகள் கொண்டிருந்தால் நன்று. அழைப்பிதழிலிருந்து கைப்பேசியில் எடுத்த பள்ளிச் சின்னத்தை மார்பளவுக்குப் பெரிதாக்கினால் மங்கலாகவே வரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருக்கப்பட்டுத் தரம் குறைகிறது. அதையே ஆவணமாக இணைத்து அனுப்பினால் குறைவதில்லை.

தமிழில் பெயர் அச்சிடும்போது கூடுதல் கவனம் தேவை. பழைய விசைப்பலகை முறைகளில் அமைந்த பாமினி போன்ற எழுத்துருக்களும் ஒருங்குறி எழுத்துருக்களும் வேறுவேறு குறியீட்டு முறைகளைக் கொண்டவை. அனுப்புபவரின் கணினியில் உள்ள எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லையென்றால் எழுத்துகள் பொருளற்ற குறிகளாக மாறும். சில பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் ஒருங்குறித் தமிழை ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கொ' என்ற எழுத்தின் ஒற்றைக் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடுவது இவ்வகைப் பிழையே. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அச்சுப் பொறியை இயக்கினால் இப்பிழை அவர் கண்ணில் படாது. எழுத்துகளை எல்லாம் வளைகோடுகளாக மாற்றிப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பினால் வழியில் எழுத்து சிதைவதைத் தவிர்க்கலாம். மாதிரிப் படம் திரும்பி வந்ததும் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக மீண்டும் படிக்க வேண்டும்.

நிறம்

கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சுப்பொறி சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகளைக் கலந்து நிறம் தருகிறது. ஆகவே திரையில் தெரியும் மின்னும் நீலமும் ஒளிரும் பச்சையும் துணியில் அப்படியே வருவதில்லை. ஒரே கோப்பு கூட, துணி, மை, தாள், சூடு, நேரம் ஆகியவற்றில் ஒன்று மாறினால் வேறு நிறமாக அமையும். கல்லூரியின் சிவப்பு குறிப்பிட்ட சாயலில்தான் இருக்க வேண்டும் என்றால், பயன்படுத்தப்போகும் அதே துணியில் அச்சிட்ட நிற அட்டவணையைக் கேட்டு அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதை அறைக்குள்ளும் வெயிலிலும் வைத்துப் பார்ப்பது நல்லது.

இதே காரணத்தால் பிறகு தனியாக அச்சிடும் ஒன்றிரண்டு ஜெர்சிகள் முதல் தொகுதியின் நிறத்தோடு முழுமையாக ஒத்துப்போவது கடினம். முதல் ஆர்டரிலேயே பெயர் இல்லாத, பயன்படாத எண்கள் கொண்ட இரண்டு ஜெர்சிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால், காயம் காரணமாக மாற்று வீரர் வரும்போது உதவும்.

அளவுப் பட்டியல்

பிழைகள் அதிகம் நேரும் இடம் அளவுப் பட்டியலே. ஒரு தயாரிப்பாளரின் 'எம்' மற்றொருவரின் 'எல்' அளவுக்குச் சமமாக இருக்கலாம். எனவே 'எஸ், எம், எல்' என்ற எழுத்துகளை மட்டும் எழுதாமல், தயாரிப்பாளரின் அளவு அட்டவணையை வாங்கி அங்குலக் கணக்கில் முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வீரருக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ஜெர்சி ஒன்றைச் சமமான இடத்தில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அந்த உடையின் மார்புச் சுற்றளவு கிடைக்கும். விரித்த அகலம் 19 அங்குலம் என்றால் மார்புச் சுற்றளவு 38 அங்குலம். தோள்பட்டையிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்தால் உயரம் கிடைக்கும். அட்டவணையில் உள்ளது உடலின் அளவா, தைத்த உடையின் அளவா என்பதையும் கேட்க வேண்டும். தைத்த உடை உடலைவிடச் சில அங்குலம் தளர்வாக இருப்பது வழக்கம். வளரும் பிள்ளைகளின் அளவை ஆர்டர் கொடுக்கும் வாரத்திலேயே எடுக்க வேண்டும். சென்ற ஆண்டுப் பட்டியல் உதவாது. பெண்கள் அணிக்கு அவர்களுக்குரிய வெட்டு உள்ளதா, கை நீளமும் ஷார்ட்ஸ் நீளமும் அவரவர் விருப்பப்படி அமையுமா என்று முன்னரே கேட்பது அவசியம். ஆண்களின் சிறிய அளவு பெண்களுக்குப் பொருந்தும் என்று கொள்வது தவறு.

வாட்ஸ்அப் குழுவில் ஒவ்வொருவரும் தம் அளவைத் தனித்தனியே பதிவிட்டு, பிறகு சிலர் மாற்றிச் சொல்வதால் குழப்பம் உண்டாகிறது. 'எஸ்' என்பது பெயரின் முன்னெழுத்தா, உடையின் அளவா என்றே தெரியாமல் போவதும் உண்டு. தோனியின் 7, மெஸ்ஸியின் 10, கோலியின் 18 போன்ற எண்களை ஒன்றுக்கு மேற்பட்டோர் கேட்பர். ஆகவே ஒரே பொறுப்பாளர், ஒரே பட்டியல் என்று வைத்துக்கொள்வது நலம். அப்பட்டியலில் பின்வருவன இடம்பெற வேண்டும்:

1. வரிசை எண்
2. வீரரின் முழுப்பெயர்
3. முதுகில் அச்சாக வேண்டிய பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே
4. ஜெர்சி எண்
5. ஜெர்சி அளவு, கை நீளம்
6. ஷார்ட்ஸ் அல்லது டிராக் பேன்ட் அளவு
7. வீரரின் கையொப்பம் அல்லது ஒப்புதல்

ஏழாவது இனம் தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் தம் பெயரை அச்சுக்கு முன் தாமே ஒருமுறை பார்த்துவிட்டால், பிழை யாருடையது என்ற வாக்குவாதம் பின்னர் எழுவதில்லை.

ஒப்புதல்

வடிவமைப்பு முடிந்ததும் தயாரிப்பாளர் மாதிரிப் படம் அனுப்புவார். ஒரு ஜெர்சியின் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து 'ஓகே' என்று சொல்லிவிடுவதே பெரும்பாலான பிழைகளுக்கு வழிவிடுகிறது. எல்லா வீரர்களின் முதுகுப் படங்களையும் கேட்டுப் பெற வேண்டும். ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, மற்றொருவர் படத்தைச் சரிபார்ப்பது நம்பகமான முறை. ஆதரவாளரின் தொலைபேசி எண்ணை அவரிடமே காட்டிச் சரிபார்க்க வேண்டும். ஒரு வடிவத்தில் செய்த திருத்தம் இன்னொரு வடிவத்தில் விடுபடக்கூடும் என்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் முழுவதையும் மறுபடி பார்ப்பது அவசியம்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால், முழுத் தொகுதியை அச்சிடும் முன் ஓர் உடையைத் தைத்து வாங்கிப் பார்க்கலாம். அதை ஒரு வீரர் அணிந்து ஓடி, கை தூக்கி, குனிந்து பார்த்த பின், இரண்டு மூன்று முறை துவைத்து உலர்த்த வேண்டும். அடர்நிறத் துணியை நன்றாக இழுத்தால் இழைகளுக்கிடையே வெள்ளை எட்டிப்பார்க்கும். சாயம் மேற்பரப்பிலேயே ஆழ்ந்திருப்பதால் இது ஓரளவு இயல்பு. அணிந்த நிலையிலேயே வெள்ளை தெரிந்தால் அளவு இறுக்கம் அல்லது துணி பொருத்தமற்றது என்று பொருள்.

விலை, முன்பணம், காலம்

இவ்வகை உடையின் விலையில் துணி, தாளும் மையும், வெட்டும் தையலும், வடிவமைப்புக் கூலி, பார்சல் செலவு, வரி ஆகியவை அடங்கும். இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது ஒரே துணி, ஒரே ஜிஎஸ்எம், ஒரே தையல் முறை என்று வைத்தே ஒப்பிட வேண்டும். ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, பெயர் அச்சுக்கும் பெரிய அளவுகளுக்கும் கூடுதல் பணம் உண்டா, எத்தனை முறை வடிவமைப்பைத் திருத்தித் தருவர், குறைந்தது எத்தனை உடை எடுக்க வேண்டும் ஆகியவற்றை முன்னரே கேட்பது நல்லது.

தனிப்பெயரிட்ட உடையை வேறு யாருக்கும் விற்க இயலாது என்பதால் தயாரிப்பாளர்கள் முன்பணம் கேட்பது இயல்பே. அதே காரணத்தால் வாங்குபவருக்கும் எழுத்து வடிவில் சான்று வேண்டும். துணி, எண்ணிக்கை, விலை, ஒப்புதல் பெற்ற படம், அளவுப் பட்டியல், ஒப்படைக்கும் நாள், பிழை நேர்ந்தால் யார் செலவில் மறு அச்சு ஆகியவை ஒரே ஆவணத்தில் இருத்தல் நலம். ஒப்புதல் படத்தில் இருந்த பிழைக்கு வாங்குபவரும், படத்திலிருந்து மாறி அச்சானதற்குத் தயாரிப்பாளரும் பொறுப்பு என்பது பொதுவாக நியாயமான ஏற்பாடு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையிடவும் ரசீது தேவைப்படும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காலத்தைப் போட்டி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, பொங்கலை ஒட்டி நடக்கும் ஊர்ப் போட்டிக்குச் சீருடை தேவை என்றால், நவம்பர் இறுதிக்குள் வடிவமைப்பையும், டிசம்பர் முதல் வாரத்தில் அளவுப் பட்டியலையும், டிசம்பர் நடுப்பகுதிக்குள் இறுதி ஒப்புதலையும் முடித்தால், சனவரி முதல் வாரத்தில் உடை கைக்கு வரும்போது ஒன்றிரண்டு பிழைகளைத் திருத்தவும் நாள் மிஞ்சும். பொங்கல், தீபாவளி நாட்களில் தையல் தொழிலாளர்கள் சொந்த ஊர் செல்வதால் வேலை நின்றுவிடும். போட்டிகள் குவியும் பருவத்தில் கடைகளிலும் ஆர்டர்கள் குவியும்.

சட்ட வரம்புகள்

ஐபிஎல் அணிகளின் சின்னங்கள், விளையாட்டு நிறுவனங்களின் வணிகக் குறிகள் ஆகியவற்றை அனுமதியின்றி அச்சிட்டு விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்கீழ் சிக்கலை உண்டாக்கும். அணிக்கெனத் தனிச் சின்னம் வரைந்துகொள்வதே நன்று. இந்திய அரசுச் சின்னமான நான்முகச் சிங்கத்தின் பயன்பாட்டை 2005ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தேசியக் கொடியை இடுப்புக்குக் கீழ் அணியும் உடையில் பயன்படுத்துவதைத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே ஷார்ட்ஸிலும் டிராக் பேன்ட்டிலும் கொடியை வைக்கக் கூடாது.

பெற்றபின் சரிபார்த்தல், பராமரிப்பு

பொட்டலத்தைப் போட்டி நாள் காலையில் பிரிப்பது தவறு. வந்த அன்றே பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணிக்கை, பெயர், எண், அளவு, தையல் ஆகியவற்றைச் சரிபார்த்து, குறை இருந்தால் படத்துடன் உடனே தெரிவிக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் ஆய்வக அறிக்கை கேட்கலாம். சலவைக்கு ஐஎஸ்ஓ 105-சி06, வியர்வைக்கு ஐஎஸ்ஓ 105-இ04, ஒளிக்கு ஐஎஸ்ஓ 105-பி02 என்னும் சோதனைகள் சாய உறுதியை அளக்கின்றன. முதல் இரண்டிலும் 5 என்பது மிகச் சிறந்த மதிப்பு. ஒளிச் சோதனையில் நீலக் கம்பளி அளவுகோலின்படி 8 வரை மதிப்பு உண்டு.

வீட்டில் குளிர்ந்த நீரில் சாதாரணச் சலவைத்தூளுடன் துவைத்து நிழலில் உலர்த்தினால் போதும். வெளுப்பான் தேவையில்லை. அதிகச் சூட்டில் இஸ்திரி போடக் கூடாது; சூட்டால் உள்ளே சென்ற சாயம் சூட்டால் வெளியேறி அருகிலுள்ள துணியில் ஒட்டக்கூடும். பாலியஸ்டர் பருத்தியைவிட எளிதில் வாடை பிடிக்கும் என்பதால், ஆட்டம் முடிந்ததும் ஈரத்தோடு பையில் சுருட்டி வைக்காமல் அன்றே அலசுவது நல்லது.

சுற்றுச்சூழல்

தமிழ்நாட்டில் துணிச் சாயம் என்றதும் நினைவுக்கு வருவது நொய்யல் ஆறு. பருத்திப் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரின் சாயக் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் கலந்தது. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டிய பிறகே அவை மீண்டும் இயங்கலாம் என்றாயிற்று.

பதங்கமாதல் அச்சில் துணியைச் சாயத் தொட்டியில் முக்குவதோ அச்சுக்குப் பின் அலசுவதோ இல்லை. அவ்வகையில் நீர்ச் செலவும் கழிவுநீரும் குறைவு. எனினும் இது முற்றிலும் தூய்மையான முறை அன்று. பயன்படுத்திய தாள் கழிவாகிறது. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து பெறப்படுவது. மண்ணில் எளிதில் மக்காது. ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகள் நீரில் கலக்கின்றன.

ஆண்டுதோறும் ஒரு போட்டிக்கு ஒரு புதிய ஜெர்சி என்ற வழக்கம் இக்கழிவைப் பெருக்குகிறது. பள்ளிகளில் வீரர் பெயரும் ஆண்டும் அச்சிடாமல் பள்ளிப் பெயரும் எண்ணும் மட்டும் கொண்ட தொகுதியைத் தயாரித்துப் பாதுகாத்தால், அடுத்தடுத்த மாணவர்களும் அதையே அணியலாம். அச்சுக் கோப்பையும் அளவு அட்டவணையையும் பள்ளியே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், கிழிந்தவற்றுக்கு மாற்று அச்சிடுவதும் எளிதாகும். புதிய சீருடை வாங்கப் பணம் கட்ட இயலாததால் அணியிலிருந்து ஒதுங்கும் மாணவர்களுக்கும் இந்த ஏற்பாடு இடம் தருகிறது.